பத்திரத்தின் கடைசி வரியில் இருப்பவர்

போன மாசம் அக்கா பொண்ணு டல்லாஸிலிருந்து கூப்பிட்டாள். அங்கே வீடு வாங்குகிறார்கள். சந்தோஷமான விஷயம்தான், ஆனால் குரலில் சலிப்பு.

"மாமா, இங்க ஒரு அம்மா தினமும் மெயில் அனுப்பி உயிரை எடுக்கறாங்க. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் வந்துச்சா, பேங்க்காரன் வந்து வீட்டைப் பாத்தானா, இந்தத் தேதிக்குள்ள இதுல கையெழுத்துப் போடுங்க, அந்தத் தேதிக்குள்ள முன்பணம் கட்டுங்கன்னு. அவங்க வாங்கறவங்களும் இல்ல, விக்கறவங்களும் இல்ல, புரோக்கரும் இல்ல. ஆனா அவங்க இல்லேன்னா ஒண்ணும் நகர மாட்டேங்குது. டிரான்ஸாக்‌ஷன் கோஆர்டினேட்டர்னு பேராம். நம்ம ஊர்ல இப்படி ஒரு வேலையே கிடையாதுல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் கிடையாது? பத்திர ரைட்டர்னு பேரு. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்திருப்பார். ஆயிரம் வருஷமா இருக்கார்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான், ஆயிரம் வருஷம் என்று கொஞ்சம் ஓவராக விட்டுவிட்டோமோ என்று தோன்றியது. சும்மா இருக்க முடியாமல் தேடிப் படித்ததில், சொன்னது அப்படி ஒன்றும் தப்பில்லை என்று தெரிந்தது. ஆகவே, பத்திரப் பதிவு பற்றி ஒரு பதிவு. :-)

முதலில் இந்த ரைட்டர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிடலாம். பத்திரம் எழுதுவது என்பது பேருக்குத்தான். நிலம் விற்க முடிவானதும், தாய்ப் பத்திரத்தை வாங்கிப் படிப்பார். அதற்கு முந்தின பத்திரம் எங்கே என்று கேட்பார். வில்லங்கச் சான்றுக்கு மனுப் போடுவார். பட்டா யார் பேரில் இருக்கிறது, சர்வே நம்பரும் உட்பிரிவும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா, நாலு பக்க எல்லை சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். விற்பவர் மதுரையில் இருப்பார், அவர் தம்பி துபாயில் இருப்பார், வாங்குபவருக்கு முகூர்த்த நாள் தாண்டக்கூடாது. இத்தனை பேரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ரெண்டு சாட்சியோடு ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது அவர் பொறுப்பு. அக்கா பொண்ணுக்கு மெயில் அனுப்பும் அம்மா செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். என்ன, அவர் மடிக்கணினி வைத்திருக்கிறார். நம்மாள் பழைய மர மேஜை வைத்திருப்பார்.

இவர் பெயர் பத்திரத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வரும். கடைசியில், சாட்சிகளுக்கும் கீழே, பத்திரம் எழுதியவர் என்று. நாம் யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை.

*

இப்போது ஆயிரம் வருஷக் கணக்குக்கு வருவோம்.

உத்திரமேரூர் கல்வெட்டு நம் எல்லோருக்கும் தெரியும். முதலாம் பராந்தகன் காலம், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலை முறையைச் சொல்லுகிற கல்வெட்டு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். அது எப்படி முடிகிறது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. சபையார் பணிக்க நான் எழுதினேன் என்று, எழுதியவன் தன் பேரைச் சொல்லி முடிக்கிறான். அவனுடைய பதவிப் பெயர் மத்தியஸ்தன். அதாவது நடுவில் நிற்பவன். சபையில் அவனுக்கு ஓட்டுக் கிடையாது. சபை சொன்னதைச் சரியாக எழுதிவைப்பதுதான் வேலை. நம் ரைட்டருக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோர் கிடைக்கமாட்டார்.

சோழர் காலத்து நிலவிலைக் கல்வெட்டுகளைப் படித்துப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என்று நாலு எல்லையும் வரிசையாக வரும். நிலத்தோடு சேர்த்து மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் விற்றோம் என்று வரும். (மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு! எழுதினவன் ரசனைக்காரன்.) பணம் முழுக்க வந்துவிட்டது என்பதற்குத் தனி வாசகம் உண்டு. அந்த ரசீதுக்குப் பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை என்று பேர். இந்தப் பத்திரமே விலையாவணம், இதுவே ரசீதும்கூட, இதற்கு மேல் வேறு ரசீது காட்டு என்று எவனும் கேட்கக்கூடாது என்று எழுதுவார்கள். பணம் கொடுத்தவனை நாளைக்கு எவனும் மடக்கக்கூடாதே என்கிற ரைட்டர் புத்தி அப்போதே வந்துவிட்டது.

அதற்கடுத்து சேக்கிழார். பெரியபுராணத்தில் சுந்தரர் கல்யாணத்தில் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் தாத்தா எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது என்று வம்பு செய்கிறாரே, அந்தக் கதையைப் பக்திக் கதையாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஒருதரம் பத்திரக் கேஸாகப் படித்துப் பாருங்கள். சுந்தரர் கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழவர் அசரவில்லை. நீ கிழித்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். கேஸ் அந்த ஊர்ச் சபைக்குப் போகிறது. கரணத்தான் ஓலையைப் பிரித்து வாசிக்கிறான். சாட்சிகள் கையெழுத்தைப் பார்க்கிறார்கள். தாத்தா எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து கொண்டுவரச் செய்து, கையெழுத்தை ஒப்பிட்டு, சரிதான் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். மூலம், நகல், சாட்சி, ஆவணக் காப்பகம், கையெழுத்துச் சோதனை எல்லாமே இருக்கிறது. 12-ம் நூற்றாண்டில் கேட்டவர்களுக்கு இதில் எதையும் விளக்கவேண்டி இருந்திருக்காது. அன்றாடம் பார்த்த சங்கதி.

*

அதற்கப்புறம் ஆள வந்த ஒவ்வொருவரும் பத்திரத்தில் கொஞ்சம் வார்த்தைகளை விட்டுவிட்டுப் போனார்கள். உங்கள் வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கிரயம், பாத்தியம், புத்திர பௌத்திரர் எல்லாம் சமஸ்கிருதம். அசல், நகல், வாரிசு, ஷரத்து, பாக்கி, தபசில் எல்லாம் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக ஆற்காட்டு நவாப் கச்சேரிகளைத் தாண்டி வந்தவை. பவர், ஸ்டாம்பு, ரிஜிஸ்டர் வெள்ளைக்காரன் தந்தது. நடுவில் நாலு எல்லை மட்டும் சோழன் காலத்து வரிசையிலேயே நிற்கும். யார் ஆண்டாலும் எழுதுகிறவன் பழைய வாசகத்தைத் தூக்கிப் போடமாட்டான். ஒரு வார்த்தையை விட்டுவிட்டு நாளைக்குக் கோர்ட்டில் யார் நிற்பது?

வெள்ளைக்காரன் செய்த பெரிய மாற்றம் வேறு. அதுவரை பத்திரம் என்பது எழுதினவர்களுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த விஷயம். 1802-ல் சென்னை ராஜதானியில் பத்திரங்களைப் பதிந்துவைக்க ஒரு ரெகுலேஷன் போட்டார்கள். பிறகு 1864-ல் இந்தியா முழுக்கப் பதிவுச் சட்டம் வந்தது. அதை 1866, 1871, 1877 என்று மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் 1908-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ரிஜிஸ்டர் ஆபீஸ்கள் நூறு வருஷத்துக்கும் மேல் ஓடியது அந்த 1908 சட்டத்தை வைத்துத்தான். நடுவில் 1882-ல் சொத்து மாற்றுச் சட்டம். 100 ரூபாயும் அதற்கு மேலும் போகிற நிலமோ வீடோ கைமாறினால் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்று அது சொன்னது. அன்றைக்கு 100 ரூபாய் பெரிய தொகை.

கோர்ட்டுகளில் பொய்ப் பத்திரமும் பொய்ச் சாட்சியும் பெருகிவிட்டது என்பது அந்தக் கால அதிகாரிகளின் ஓயாத புலம்பல். அதற்கு மருந்தாகத்தான் பதிவு. பத்திரத்தை சார்பதிவாளர் முன் கொண்டுபோ, எழுதிக்கொடுத்தவன் நான்தான் என்று அவர் முன் ஒத்துக்கொள், அவர் அதை ஒரு வார்த்தை விடாமல் தன் புத்தகத்தில் நகல் எடுத்துக்கொள்வார். நிலப் பத்திரத்துக்கு 1-ம் புத்தகம், உயிலுக்கு 3-ம் புத்தகம். ஆள் பேர் வாரியாக ஒரு அட்டவணை, சொத்து வாரியாக ஒரு அட்டவணை. நாம் இன்று வாங்கும் வில்லங்கச் சான்று அந்த அட்டவணையைப் புரட்டிப் பார்த்து எடுப்பதுதான்.

இங்கேதான் முக்கியமான ஒரு விஷயம். நிறையப் படித்தவர்களுக்கே இது தெரியாது. 1908 சட்டப்படி சார்பதிவாளர் பார்ப்பது, எழுதிக்கொடுத்தவர் அவர்தானா, மனசாரத்தான் எழுதிக்கொடுத்தாரா, முத்திரைத் தீர்வை சரியா என்பது போன்ற விஷயங்களை. அந்த நிலம் நிஜமாகவே அவருடையதுதானா என்று தீர்மானிப்பது அவர் வேலை இல்லை. நான் சொல்லவில்லை, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொன்னது. முந்தின மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதியமாட்டோம் என்று தமிழ்நாட்டில் 55-ஏ என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரிக்குச் சட்டம் கொடுத்த வேலை இல்லை, ஆகவே விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

அப்படியானால் அந்தக் கேள்வியை யார்தான் கேட்பது?

*

இதே கேள்வி மற்ற ஊர்களிலும் வந்திருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்று ஒருவர். சுங்க இலாகாவில் கப்பல் பதிவுகளைப் பார்த்துப் பழகியவர். கப்பலுக்கு ஒரு பதிவேடு வைத்து, அதில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் முதலாளி என்று சொல்லமுடிகிறபோது நிலத்துக்கு ஏன் முடியாது என்று கேட்டார். 1858-ல் அங்கே சட்டமே வந்துவிட்டது. அரசாங்கப் பதிவேட்டில் உன் பேர் இருந்தால் நிலம் உன்னுடையது, அதற்கு அரசாங்கமே உத்தரவாதம்.

அமெரிக்காவில் பெரும்பாலும் நம்மைப்போலத்தான். பத்திரத்தைப் பதிவார்கள், உரிமைக்கு உத்தரவாதம் தரமாட்டார்கள். 1868-ல் பென்சில்வேனியாவில் ஒரு வழக்கு நடந்தது. முயர்ஹெட் என்பவர் கன்வேயன்சர், அதாவது சாட்சாத் நம்ம பத்திர ரைட்டர். ஒரு சொத்தைப் பார்த்துத் தரச் சொன்னார் வாட்சன். அந்தச் சொத்தின் மேல் பழைய கோர்ட் தீர்ப்புக் கடன்கள் இருப்பது முயர்ஹெட் கண்ணில் பட்டது. வக்கீலைக் கேட்டார். அதெல்லாம் இந்தச் சொத்தைப் பிடிக்காது என்றார் வக்கீல். இவரும் அதை நம்பி, சரி, வாங்கலாம் என்றார். கடைசியில் அது பிடித்தது. வாட்சனுக்குப் பணம் போனது. முயர்ஹெட் நல்ல எண்ணத்தோடு, விசாரித்துத்தான் சொன்னார், ஆகவே நஷ்டத்துக்கு அவர் பொறுப்பில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது.

நியாயம்தான். ஆனால் வாட்சன் பாவம் இல்லையா? நடுவில் நிற்பவர் நல்லவராகவே இருந்து தப்புச் செய்தால் யார் தலையில் விடியும் என்று ஊர் பயந்துபோனது. 1876-ல் அதே பிலடெல்பியாவில் முதல் டைட்டில் இன்சூரன்ஸ் கம்பெனி தொடங்கியது. அக்கா பொண்ணுக்கு வந்த மெயில்களில் டைட்டில் கம்பெனி, டைட்டில் கம்பெனி என்று பத்து தடவை வந்ததாம். அதற்கு மூலம் இந்தக் கதைதான்.

நமக்கு டாரன்ஸ் முறையும் வரவில்லை, டைட்டில் இன்சூரன்ஸும் சாதாரண ஜனங்கள் கைக்கு எட்டவில்லை. பணம் இருப்பவர்கள் வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்குவார்கள். பேங்க் லோன் என்றால் பேங்க் வக்கீல் பார்ப்பார். மற்றவர்களுக்கு, குறிப்பாக கிராமத்தில் ரெண்டு மா நிலம் வாங்குகிறவருக்கு, ரைட்டர்தான் எல்லாம். அவர் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை.

*

கேட்டால் உண்டு என்பதை எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

தாத்தாவுக்கு மாயவரம் பக்கத்தில் 12 மா நன்செய். மூணு மா ஒரு ஏக்கர் கணக்கில் சுமார் 4 ஏக்கர். சொந்த சம்பாத்தியம். 1972-ல் உயில் எழுதாமல் போய்விட்டார். அப்பாவும் சித்தப்பாவும் 1974-ல் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி ஆளுக்கு 6 மாவாகப் பிரித்துக்கொண்டார்கள். பதிவும் ஆயிற்று. பாட்டி 1980-ல் காலமானார்.

2006-ல் அப்பா தன் 6 மாவை விற்க முடிவு செய்தார். வாங்குகிறவர் பக்கத்து ஊர்க்காரர், அவரே ஒரு ரைட்டரை ஏற்பாடு செய்தார். நானும் அப்பாவோடு போயிருந்தேன். ரைட்டருக்கு அறுபது வயசு இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு 1974 பத்திரத்தைப் படித்தார். வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று, சுத்தம். பட்டா அப்பா பேரில். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

"உங்களுக்குக் கூடப் பொறந்த பொண்ணுங்க உண்டா?" என்றார்.

"ஒரு தங்கச்சி. சீர்காழியில குடுத்திருக்கு" என்றார் அப்பா.

"இதுல அவங்க பேரு இல்லியே?"

"அதுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சுங்க. இருபது பவுன், பாத்திரம் பண்டம், சீரெல்லாம் குறைவில்லாம."

"சீர் செஞ்சதுக்குப் பத்திரம் இருக்கா?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ரைட்டர் சாவதானமாக விளக்கினார். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, சொந்த சம்பாத்தியச் சொத்தை உயில் எழுதாமல் விட்டுப்போனால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்து என்றால் அது வேறு கணக்கு. அதில் பெண்ணுக்கு மகனைப்போல உரிமை தமிழ்நாட்டில் 1989-ல் வந்தது, அதுவும் அன்றைக்குக் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு. நாடு முழுக்க வந்தது 2005-ல். ஆனால் எங்கள் தாத்தா நிலத்துக்கு அதெல்லாம் தேவையே இல்லை. அவர் கண்ணை மூடிய அன்றைக்கே அத்தைக்குப் பங்கு வந்துவிட்டது. பாட்டி பங்கிலும் மூணில் ஒன்று. ஆகமொத்தம் 12 மாவில் மூணில் ஒரு பாகம் அத்தையுடையது. 1974 பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது.

"வில்லங்கத்துல ஒண்ணும் வரலியே" என்றேன் நான், மேதாவி மாதிரி.

"தம்பி, ரிஜிஸ்டர் ஆனதுதான் வில்லங்கத்துல வரும். பொண்ணாப் பொறந்ததை யாரும் ரிஜிஸ்டர் பண்றதில்லே" என்றார்.

அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. "அப்பவே ரிஜிஸ்டர் பண்ணிக் குடுத்தாங்களே, அன்னிக்கு யாரும் கேக்கலியே?" என்று குரலை உயர்த்தினார்.

ரைட்டர் பத்திரத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பி, மேஜைமேல் எங்கள் பக்கமாக வைத்தார். பத்திரம் எழுதியவர் என்று ஒரு பேர். "இது எங்கப்பா" என்றார். "அவரு கேட்டிருக்கணும். கேக்கல. அந்தக் காலத்துல யாருமே கேக்க மாட்டாங்க. 56 சட்டம் வந்து பதினெட்டு வருஷம் ஆகியும் பொண்ணு பேரை எழுதச் சொல்லி எந்தக் கட்சிக்காரரும் வரலேன்னு சொல்லுவாரு. வந்தவங்க சொன்னதை எழுதினாரு. நானும் கேக்காம எழுதிட்டேன்னா, இன்னும் முப்பது வருஷம் கழிச்சு யாராவது கடைசிப் பக்கத்தைத் திருப்பி எம்பேரைப் படிப்பாங்க."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பாவும் ஒன்றும் பேசவில்லை.

வாங்குகிறவர் ஒருபக்கம் பதறினார். அட்வான்ஸ் கொடுத்து மூணு மாசக் கெடுவில் ஒரு மாசம் போயிருந்தது. ரைட்டர் அவரை உட்காரவைத்துப் பேசி, கெடுவை நீட்டி எழுதவைத்தார். அப்பாவிடம் தனியாக ஒன்று சொன்னார். "தங்கச்சிகிட்ட ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிட்டா வேலை சுலபம். ஆனா காசு குடுக்காம விடுதலை எழுதி வாங்காதீங்க. அவங்களையும் விக்கிறவங்கள்ல ஒருத்தரா சேத்துக்குங்க. அதுதான் வாங்கறவருக்கும் பத்திரம், உங்களுக்கும் மரியாதை."

அப்பா ரெண்டு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் காலையில் சீர்காழி பஸ் ஏறினார். அத்தை வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. அத்தை பிற்பாடு சொன்னது இவ்வளவுதான். "உங்கப்பா வந்து, உனக்கும் பாத்தியம் இருக்காம்மா, நான் பாக்காம விட்டுட்டேன்னுது. முப்பத்தி ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கையெழுத்துக்காகத்தானே அண்ணா வந்திருக்கேன்னு வாயில வந்துடுச்சு. கேட்டேன். ஆமாம்னுடுச்சு."

பதிவு அன்றைக்கு அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ரைட்டர் வழக்கப்படி பத்திரத்தை உரக்கப் படித்தார். தன் பேர் வந்த இடத்தில் அத்தை நிறுத்தச் சொல்லி, இன்னொருதரம் படிக்கச் சொன்னார். 2001 திருத்தத்துக்கு அப்புறம் போட்டோவும் கைரேகையும் வேண்டுமே, அதெல்லாம் ஆயிற்று. பணத்தில் அத்தை பங்கு அத்தைக்குப் போனது. சித்தப்பா பங்கு 6 மாவின் கதை வேறு. அது இன்றுவரை முடியவில்லை.

*

எல்லா ரைட்டரும் இவரைப்போல என்று நான் சொல்ல வரவில்லை. ஆபீஸுக்குள் போகவேண்டிய கவனிப்பு, ரைட்டர் பில்லோடு சேர்ந்து போகும் என்பது ஊரறிந்த ரகசியம். இடைத்தரகர்களை நம்பவேண்டாம் என்று ஆபீஸ் சுவரிலேயே எழுதிவைத்திருப்பார்கள். போலி ஆள் மாறாட்டத்துக்கு உடந்தையாகப் போய் மாட்டினவர்களும் உண்டு. சந்தேகமே இல்லை.

அரசாங்கமும் இவர்களைக் கட்டுக்குள் கொண்டுவரப் பார்த்திருக்கிறது. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம் பதவியை எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தது. எந்த நிலம் யாருடையது, யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று மனசிலேயே வைத்திருந்த ஆள் அதோடு போனார். ரெண்டு வருஷம் கழித்து, 1982-ல் ஆவண எழுத்தர் உரிம விதிகள் வந்தன. கடைசி வரியில் பேரோடு உரிம எண்ணும் சேர்ந்தது. 2000-ல் ஸ்டார் திட்டம் என்று கம்ப்யூட்டர் வந்தது. 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 வந்தபோது, மாதிரிப் பத்திரம் இணையத்திலேயே இருக்கிறது, நீங்களே நிரப்பிக்கொள்ளலாம், ரைட்டரே தேவையில்லை என்றார்கள். ஆனால் எங்கள் ஊர் ஆபீஸ் வாசலில் மேஜைகள் குறையவில்லை. டைப்ரைட்டர் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்தது, அவ்வளவுதான். இணையதளத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. எழுதிக்கொடுப்பவர் பெயர் என்ன என்று கேட்கிறது. விட்டுப்போன பெயர் என்ன என்று அது கேட்பதில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். பத்திரத்தைப் பதிகிற அரசாங்கம், எழுதியிருப்பதற்கு மட்டும் சாட்சி சொல்கிறது. எழுதாமல் விட்டதற்கு யாரும் சாட்சி இல்லை. அங்கே நம்மைக் காப்பாற்றுவது நடுவில் நிற்கிற அந்த ஒரு ஆள் கேட்கிற கேள்வி மட்டும்தான். அவர் கேட்டாரா இல்லையா என்பதற்கு எங்கேயும் பதிவு கிடையாது. எங்கள் வீட்டில் 1974-ல் கேட்கவில்லை, 2006-ல் கேட்டார்கள். ரெண்டு பத்திரமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரே சீல், ஒரே மாதிரி வாசகம்.

அந்த ரைட்டர் இப்போது இல்லை. அவர் மகன் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா பொண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த அம்மா மெயிலுக்கெல்லாம் ஒழுங்கா பதில் போடணும்ங்கறீங்க" என்றாள். ஆமாம், அதைத்தான் சொல்கிறேன்.

கொசுறு: இந்த வாரக் கடைசியில் வீட்டுப் பீரோவைத் திறந்து உங்கள் பத்திரத்தை எடுங்கள். கடைசிப் பக்கத்தில் எழுதியவர் பேரைப் பாருங்கள். அப்புறம் முதல் பக்கத்துக்கு வந்து, யார் யார் பேர் இருக்கிறது என்று எண்ணுங்கள். உங்களுக்கு அத்தை உண்டென்றால், ரெண்டு தடவை எண்ணுங்கள்.